சிரிக்காதீங்க சார், படம் நல்லா வராது!

அறந்தாங்கிக்கு விருந்தாளி வருகிறார் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டுச் செலவுக்குப் பயந்து அல்ல. வந்த அரை மணி நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்களே, ‘இங்க பார்க்க என்ன இருக்கு?’ என்று... அதற்குப் பயந்து!

தஞ்சாவூர்க்காரர் கையை நீட்டினால் போதும், பெரிய கோயில். மதுரைக்காரருக்கு அந்தச் சிரமமும் கிடையாது, நான்கு கோபுரமும் தானாகவே கண்ணில் படும். நான் எதைக் காட்டுவது? தொண்டைமான்கள் ஆண்ட கோட்டை என்று கூட்டிக்கொண்டு போனால், மிச்சமிருக்கும் கோட்டைச் சுவரின் மேலேயே நின்றுகொண்டு, “கோட்டை எங்க?” என்று கேட்கிறார்கள்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் மறுநாள் காலை பஸ் ஏற்றி, பதினாலு கிலோமீட்டரில் இருக்கும் ஆவுடையார்கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். அந்தக் கொடுங்கையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் வரை வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த முறை வந்தது என் மைத்துனர் மகன் கார்த்தி. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. தோளில் ஒரு கேமரா. அதன் மூக்கு மட்டும் ஒரு சுரைக்காய் நீளம்.

“மாமா, எனக்கு டூரிஸ்ட் ஸ்பாட் எல்லாம் வேண்டாம். ஒரிஜினல் மனுஷங்க முகம் வேணும். கிராமத்து முகம்.”

“எங்க முகமெல்லாம் டூப்ளிகேட்டா?” என்றாள் என் சகதர்மிணி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

*

டவுன் பஸ்ஸில் எனக்கும் கார்த்திக்கும் மட்டும்தான் டிக்கெட். 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம் என்பதால் என் மனைவி கண்டக்டரை ஒரு மகாராணி பார்வை பார்த்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

ஆவுடையார்கோயிலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக நாலு வரி. மாணிக்கவாசகர் பாண்டிய மன்னனின் மந்திரியாக, குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தோடு வந்து, குருவைக் கண்டு, பணம் முழுவதையும் கோயிலுக்கே செலவழித்துவிட்ட திருப்பெருந்துறை இதுதான். ராஜா கணக்குக் கேட்டபோது சிவபெருமான் காட்டு நரிகளையெல்லாம் குதிரையாக்கி மதுரைக்கு ஓட்டிப் போனார். ராத்திரியானதும் குதிரைகள் பழையபடி நரியாகி ஊளையிட்டது தனிக் கதை. (அந்த நாளிலேயே ஆடிட் ஆட்சேபணை!)

கருவறையில் லிங்கம் கிடையாது. ஆவுடை மட்டும்தான். எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி, அதன் ஆவியைத்தான் சாமிக்கு நைவேத்தியம் செய்கிறார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். உருவமே இல்லாத சாமிக்கு உருவமில்லாத சாப்பாடு.

ஆனால் வெளியே மண்டபத்துக்கு வந்தால் உருவங்கள்... உருவங்கள்! குதிரை வீரன், நாட்டியக்காரி, கல்லிலேயே கோத்த சங்கிலி. அண்ணாந்து பார்த்தால் கொடுங்கை. கூரைச் சரிவில் மரச்சட்டமும் குமிழாணியும் அடித்தது மாதிரி இருக்கும். எல்லாமே கருங்கல். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போதே, ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்கக் கூடாது’ என்று எழுதி வாங்கிக்கொள்வார்களாம்.

இது கல்தானா, மரமா என்று சந்தேகப்பட்ட ஒரு வெள்ளைக்கார துரை துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று சொல்லி, கூரையில் ஓட்டையைக் காட்டுவார்கள். கதையோ நிஜமோ, எனக்கு அது நிஜம் என்றே படும். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குச் சும்மா பார்த்தால் திருப்தி வருவதில்லை. ஒரு ஓட்டையாவது போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை.

கார்த்தி ஒரு தூண் முன்னால் நின்றுவிட்டான். குறவன், குறத்தி சிற்பம். கழுத்து மாலையை மணி மணியாக எண்ணிவிடலாம் போலச் செதுக்கியிருக்கிறான், பேர் தெரியாத ஒரு மகானுபாவன். கார்த்தி உட்கார்ந்து எடுத்தான், மல்லாந்து படுத்து எடுத்தான். பக்கத்தில் ஒரு குடும்பம் குறத்தி சிலைக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்திப் படம் பிடித்தது. அந்த வீட்டுப் பாட்டி சிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தப்பில்லை, வள்ளி குறவர் வீட்டில் வளர்ந்த பெண்தானே? முருகனுக்கே அது மாமனார் வீடு!

*

கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம்.

வாசலில் ஒரு நரிக்குறவப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், துணி விரித்துப் பாசிமணி, ஊசி, சீப்பு, ஹேர்பேண்ட் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், பதினாலு வயது இருக்கலாம், சுடிதார் போட்டுக்கொண்டு கம்பியில் மணி கோத்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் முன்னால் சிலையைத் தொட்டுக் கும்பிட்ட அதே பாட்டி, அந்த விரிப்பைக் கண்டதும் புடவையை ஒதுக்கிக்கொண்டு நாலடி சுற்றிப் போனாள். “தொடாதே, வா” என்று பேரனுக்கு உத்தரவு வேறு.

கார்த்தி என் காதில், “மாமா, இவங்க ஒரிஜினல் இல்ல போலிருக்கே... சுடிதார், கையில வாட்ச்... பார்கோடு அட்டை வேற வெச்சிருக்காங்க!” என்றான்.

உண்மைதான். பாசிமணிக் கூடைக்கு முன்னால் போனில் பணம் அனுப்புகிற அட்டை ஒன்று செங்கல் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அவன் சொன்ன வார்த்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

கேமரா மேலே எழும்பியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை.

“எதுக்கு சார் படம்?”

“சும்மாதாங்க. இன்ஸ்டாகிராம்ல போட.”

“மணி வாங்கிக்கிட்டு எடுங்க. எங்களுக்கும் யாவாரம் ஆவணும்ல?”

நியாயம். முந்நூறு ரூபாய்க்கு ஒரு மாலையும், என் மனைவிக்கு ஒரு டஜன் ஊக்கும் வாங்கினோம். கார்த்தி மறுபடி கேமராவைத் தூக்கினான். அப்போதுதான் அந்தச் சின்னப் பெண் எழுந்து வந்தாள்.

“அண்ணா, முதல்ல நான் உங்களை ஒண்ணு எடுக்கவா? உங்க போன்லயே எடுக்கறேன். அப்புறம் நீங்க எங்களை எடுங்க.”

கார்த்தி சிரித்துக்கொண்டே போனைக் கொடுத்தான். நாங்கள் மூவரும் கோபுரத்தை முதுகில் வைத்துக்கொண்டு நின்றோம். கல்யாண வீட்டு வீடியோக்காரருக்குச் சிரிக்கும் அந்த சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“சிரிக்காதீங்க சார், படம் நல்லா வராது.”

சிரிப்பைக் கழற்றினேன்.

“செருப்பைக் கழட்டுங்க.”

“இப்பத்தானேம்மா போட்டேன்!”

“கழட்டுங்க சார். அண்ணா, வாட்ச்சைக் கழட்டிப் பையில போடுங்க. அந்த மணியைக் கழுத்துல போட்டுக்குங்க. அக்கா, கண்ணாடி வேணாம். கேமராவைப் பார்க்காதீங்க, தூரத்துல பாருங்க... சோகமா.”

“ஏண்டி இப்படிப் பாடாப் படுத்தறே?” என்று அவள் அம்மா அதட்டினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு.

“எங்களை எடுக்க வர்றவங்க இப்படித்தானேம்மா சொல்றாங்க? காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீடு பார்க்க வந்தவங்க, ‘சுடிதார் வேணாம், பாவாடை தாவணி இல்லையா?’ன்னு கேட்டாங்கல்ல? ‘போனை உள்ள வை, தலையைக் கலைச்சு விடு’ன்னு? நான் தலை வாரி ரிப்பன் கட்டியிருந்தேன். அதைப் போய் அவிழ்க்கச் சொன்னாங்க.”

க்ளிக்.

எங்கள் மூவர் முகத்திலும் அப்போது வந்திருந்த சோகம், யாரும் சொல்லி வரவழைத்தது அல்ல.

*

‘ஒரிஜினல் இல்லை’ என்ற வார்த்தையை எங்கே கேட்டேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தமானில்.

2009-ல் நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தபோது, எல்.டி.சி. சலுகையில் குடும்பத்தோடு அந்தமான் போனேன். போர்ட்பிளேரிலிருந்து (2024-லிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் பார்க்க விடிகாலையில் பஸ். வழி, அந்தமான் டிரங்க் ரோடு. அது ஜாரவா பழங்குடிகளின் காட்டை ஊடுருவிக்கொண்டு போகிறது. ஜிர்காடாங் என்ற இடத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் காவலோடு கும்பலாக அனுப்புவார்கள். நிறுத்தாதே, படம் எடுக்காதே, தின்ன எதுவும் கொடுக்காதே என்று பெரிய போர்டு.

எங்கள் பஸ்ஸில் கூட வந்தவர் போர்டைப் படித்துக் காட்டிவிட்டு, “லக் இருந்தா இன்னிக்கு ஜாரவா பார்க்கலாம்” என்றார். முதுமலையில் யானை தென்படுமா என்று சொல்கிற அதே குரல். எல்லாரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம்.

முதலில் ஒருவர் தென்பட்டார். சட்டை போட்டிருந்தார். பஸ்ஸே ‘ப்ச்’ கொட்டியது. “இவன் ஒரிஜினல் இல்லப்பா” என்றார் பின்சீட்டுக்காரர்.

அப்புறம் ஒரு பையன். எட்டு வயது இருக்கும். தலையில் சிவப்பு நூல், வேறு ஒன்றும் இல்லை. முன்சீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட் பறந்தது. அவன் பிடிக்கவில்லை. அது தார் ரோட்டில் விழுந்து உடைந்தது. அவன் அதையும் பார்த்தான், எங்களையும் பார்த்தான். நான் கேமராவை அழுத்திவிட்டேன்.

பிஸ்கட்டை எறிந்தது நான் இல்லை. பல வருஷம் இதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஆனால், “டிரைவர் சார், கொஞ்சம் ஸ்லோ... கொஞ்சம் ஸ்லோ...” என்று கத்தியது நான்தான்.

அந்த ரோட்டின் கதையை நான் ஊருக்கு வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1970-களில் அதைப் போடத் தொடங்கியபோது ஜாரவாக்கள் வில்லும் அம்புமாக எதிர்த்து நின்றவர்கள். 1996-ல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குணமாக்கி அனுப்பினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்குள் அவர்கள் தாங்களாகவே காட்டை விட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999-ல் அவர்களுக்குத் தட்டம்மை பரவியது. நம் வீட்டுக் குழந்தைக்கு வேப்பிலையோடு போய்விடும் சமாச்சாரம், வெளியுலக நோயே பார்க்காத உடம்புக்கு எமன். மொத்த ஜனத்தொகையே 2011 கணக்குப்படி நானூறைத் தொடாத சனம் அது.

2002-லேயே அவர்கள் காட்டுக்குள் போகும் அந்த ரோட்டை மூடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில் ஒரு லண்டன் பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லும் குரல் அதில் கேட்டது. நாடே தலை குனிந்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட் டூரிஸ்ட் வண்டிகளைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. பிறகு மறுபடி விட்டார்கள்.

இதே அந்தமானில் 1858-ல் வெள்ளைக்காரன் சிறை வைக்க வந்தபோது, கிரேட் அந்தமானியர் என்ற சனம் ஆயிரக்கணக்கில் இருந்தது. இன்று ஐம்பது பேர் சுமாருக்குத்தான் இருக்கிறார்கள். அவர்கள் மொழிகளில் ஒன்று ‘போ’. அதைப் பேசிய கடைசி மனுஷி, போவா சீனியர் என்ற மூதாட்டி, 2010 ஜனவரியில் இறந்துபோனார். அவர் போனதும் அந்தப் பாஷையில் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க ஆள் இல்லை. நான் அங்கே போய்விட்டு வந்த மறுவருஷம் அது. எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவரையும் போய்ப் பார்த்துப் படம் எடுத்திருப்பேனோ, என்னவோ!

*

ஜாரவாவும் நரிக்குறவரும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்று இல்லை. ஜாரவாக்கள் நாம் எட்டிப் பார்க்காமல் இருந்தாலே பிழைத்துக்கொள்வார்கள். நரிக்குறவருக்கோ நாலு பேர் வந்தால்தான் மணி விற்கும். மாமல்லபுரம், ராமேஸ்வரம், வேளாங்கண்ணி என்று கூட்டம் சேரும் ஊரில்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும். ஆனால் பார்க்கிற கண் இருக்கிறதே, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் என்ன? ‘சாமியோவ்’ என்று ஒரு சினிமாக் குரல். 1968-ல் ‘ஒளி விளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடினார்கள். அப்புறம் எந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் பிள்ளைகள் டால்டா டப்பாவும் பாசிமணியுமாக அதே ஆட்டம்தான். கோயில் வாசலில் இருந்த அந்தப் பெண் ஒரு தடவைகூட ‘சாமி’ என்று சொல்லவில்லை. ‘சார்’ என்றாள், ‘அக்கா’ என்றாள். நாம்தான் இன்னும் ‘சாமியோவ்’வை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

தூணில் இருக்கும் குறத்திக்கும் வாசலில் இருந்தவளுக்கும் உறவு உண்டா? பெயரில் உண்டு. வள்ளி கதையிலும் குறவஞ்சியிலும் வருகிற குறவர் வேறு. இவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயர் வாக்ரி. வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, குஜராத்திக்குச் சொந்தக்கார மொழி. எழுத்து கிடையாது. பல தலைமுறைக்கு முன் வடமேற்கிலிருந்து வந்தவர்கள். நரி பிடித்ததால் ‘நரி’, காடு மேடு சுற்றியதால் ‘குறவர்’. இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தது நாம்.

அந்த நரி வேட்டையும் 1972-ல் வனவிலங்குச் சட்டத்தோடு போயிற்று. கையில் மிஞ்சியது ஊசியும் பாசியும். கூடவே நரிக்கொம்பு. நரிக்கு எங்கே ஐயா கொம்பு? அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் கேலி பேசுகிறோம். ஆனால் அதை வாங்கிக் கல்லாப்பெட்டியில் வைத்து லட்சுமி வருவாள் என்று காத்திருந்தது யார்? என் பெரியப்பாவின் மளிகைக் கடையில் ஒன்று இருந்தது. கடைதான் இப்போது இல்லை.

நிஜக் குறவர்களின் கதையும் லேசுப்பட்டதில்லை. 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர் உள்ளிட்ட எத்தனையோ சமூகங்களைப் பிறந்த குழந்தை முதல் திருடர் பட்டியலில் சேர்த்தது. சுதந்திரம் வந்த பிறகுதான் அது ஒழிந்தது. ஆனால் திருவிழா மேடையில் குறவன் குறத்தி ஆட்டம் என்ற பேரில் அவர்களை ஆபாசமாகக் காட்டுவது ஒழியவில்லை. ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை வழக்குப் போய், 2023-ல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து அந்த ஆட்டத்தையே நீக்கியது.

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சிபாரிசு செய்தது 1965-ல். நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியது 2022 டிசம்பரில். சட்டமானது 2023 ஜனவரியில். ஐம்பத்தேழு வருஷம்! ஆவுடையார்கோயில் கொடுங்கையையே அதற்குள் செதுக்கி முடித்திருப்பார்கள்.

“பாப்பாவுக்கு எஸ்.டி. சர்ட்டிபிகேட் கிடைச்சிருச்சாம்மா?” என்று விசாரித்தேன், ஏதோ நானே வாங்கிக் கொடுத்த தோரணையில்.

“வந்திருச்சு சார். அதைக் காட்டினா காலேஜ்ல சீட்டுக் கிடைக்குமாம். டவுன் பஸ்ல சீட்டுக் கிடைக்கத்தான் என்ன சர்ட்டிபிகேட் காட்டறதுன்னு தெரியல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 2021 டிசம்பரில் நாகர்கோவிலில் ஒரு நரிக்குறவக் குடும்பத்தைக் குழந்தையோடு அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட வீடியோவை நானும்தான் பார்த்தேன். அதே வருஷம் மாமல்லபுரத்தில், உலகமே வந்து சிற்பம் பார்க்கிற ஊரில், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு பெண்ணை எழுப்பிவிட்டார்கள். அவர் கேமரா முன்னால் நின்று நியாயம் கேட்டார். அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளியன்று முதலமைச்சரே அவர்கள் குடியிருப்புக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். 2023-ல் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டிருந்தவர்களை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள்.

கவனித்தீர்களா? திருவிழாத் தெருவில் நின்றால் படம் எடுக்கிறோம். சினிமாவில் வந்தால் விசில் அடிக்கிறோம். தூணில் நின்றால் தொட்டுக் கும்பிடுகிறோம். பக்கத்துச் சீட்டில், பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தால்தான் நமக்கு மூக்கு சுளிக்கிறது.

*

திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டில் கார்த்தியின் கேமராப் பை. அவன் படியோரம் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். முன்னால் என் மனைவி, அவள் பக்கத்தில் பாகற்காய் வாங்கிய மஞ்சள் பை.

பஸ் கிளம்பும்போது தாயும் மகளும் ஓடி வந்து ஏறினார்கள். மூட்டையை மடித்துத் தலையில் வைத்திருந்தாள். ஒரு பெரியவர் காலை அகட்டி இரண்டு ஆள் இடத்துக்கு உட்கார்ந்தார். ஒரு அம்மாள் பக்கத்தில் துண்டைப் போட்டு, “ஆள் வருது” என்றாள். பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ஆள் எங்கிருந்து வரும்?

என் கையும் கேமராப் பை மேல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எடுக்கத்தான் போனேன். ஆனால் ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடி, அந்தக் கை அங்கேயே இருந்தது. என்ன யோசித்தது என்று கேட்காதீர்கள். அதற்குள் முன்னாலிருந்து குரல் வந்துவிட்டது.

“இங்க வாம்மா. பாகற்காயை மடியில வெச்சுக்கறேன். பாப்பா, நீ பின்னால அங்கிள்கிட்ட போய் உக்காரு. ஏங்க, அந்தப் பையை எடுங்க, அது என்ன டிக்கெட் வாங்கிட்டா உக்கார்ந்திருக்கு?”

எடுத்தேன். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அறந்தாங்கி வரும் வரை எட்டாம் வகுப்புக் கணக்கைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டு வந்தாள். எனக்கும் அந்தக் கணக்குத் தெரியாது என்றதும் சிநேகிதமாகிவிட்டோம்.

ராத்திரி பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். பாராடாங் ரோடு. பாதி ஜன்னல் கம்பி, பாதி காடு, நடுவில் கலங்கலாக அந்தப் பையன். முகம்கூடச் சரியாக விழவில்லை. ‘அந்தமான் காட்டுவாசி!’ என்று ஆச்சரியக்குறி போட்டு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான். எத்தனை விருந்தாளிகளுக்கு இதைக் காட்டிப் பெருமை அடித்திருப்பேன்!

“கிழிச்சுடட்டுமா?” என்றேன்.

“கிழிச்சா, நீங்க எடுத்தது இல்லைன்னு ஆயிடுமா?” என்றாள் என் மனைவி. “காட்டறதை நிறுத்துங்க. போதும்.”

ஆல்பத்திலிருந்து உருவி, பின்பக்கம் எழுதினேன். ‘2009. டிரைவரை ஸ்லோவாகப் போகச் சொன்னது நான்.’ பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன்.

கார்த்தி அன்று தாயையும் மகளையும் எடுத்த படம் நன்றாக வந்திருந்தது. இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். வாட்ச் தெரிகிறது, பணம் அனுப்பும் அட்டையும் தெரிகிறது. “போடலாமான்னு கேட்டேன் மாமா. பஸ் ஸ்டாண்டுல இறங்கறப்ப அந்த அம்மா நம்பர் கொடுத்தாங்க. முதல்ல எங்களுக்கு அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்னாங்க” என்றான். அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான்.

அந்தப் பெண் எங்களை எடுத்த படமும் குடும்ப குரூப்பில் வந்து விழுந்தது. வெறுங்காலோடு மூன்று பேர். கார்த்தி கழுத்தில் பாசிமணி. கண்ணாடி இல்லாத என் மனைவி எங்கோ தூரத்தில் எதையோ தேடுகிறாள். நான் தண்டோரா போட்டுப் பிடித்து வந்த குற்றவாளி மாதிரி விழிக்கிறேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பரவாயில்லையே... நாம எல்லாரும் ஒரிஜினலா இருக்கோம்!”